தெற்குக் காற்று அடிக்காத நாள்

"நான் வெல்ஸுக்குப் போறேன் ரோமெட். அக்கா வேலை பார்த்து வெச்சிருக்கா. நீ வர்றதுன்னா வா, வரலேன்னா நான் மட்டும் போறேன்."

திங்கட்கிழமை காலையில் என் கணவனிடம் இதைத்தான் சொன்னேன். அவன் அடுப்படியில் நின்றபடி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். கத்தியைக் கீழே வைக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே, புல்வெளிக் கம்பத்தில் கட்டியிருக்கும் சிவப்பு வெள்ளைக் காற்றுப்பையைப் பார்த்தான். பை வடக்குப் பக்கமாக விறைத்து நீண்டு படபடத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தெக்குக் காத்து" என்றான். வெண்ணெயை ஓரம் வரைக்கும் தடவி முடித்தான்.

எங்கள் இன்ஸ்ப்ரூக்கில் தெற்குக் காற்று அடிக்கும் நாளில் யார் என்ன பேசினாலும் அது கணக்கில் வராது. எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் எழுதி வைத்த சட்டத்தை மீறுகிறவன்கூட இதை மீற மாட்டான். மலையைத் தாண்டி அந்தக் காற்று வெதுவெதுவென்று இறங்கினால் போதும், தலை விண் விண்ணென்று தெறிக்கும், தூக்கம் வராது, டிராமில் பக்கத்தில் இருக்கிறவன் மூச்சு விடுவதுகூட எரிச்சலாக இருக்கும். வேலையை விட்டுவிட்டேன் என்று கத்திவிட்டுப் போனவன், காற்று நின்றதும் வழக்கம்போல வந்து தன் நாற்காலியில் உட்காருவான். மேலதிகாரியும் ஒன்றும் நடக்காததுபோலக் காலை வணக்கம் சொல்வார். அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்டால் பெற்றவள் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவாள், அவ்வளவுதான். நல்ல வழக்கம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. மாமியார் வைத்த சூப்பைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் அந்தக் காற்றின் தலையில்தான் கட்டினேன். ஆனால் அந்தத் திங்கட்கிழமை பேசியது காற்று இல்லை, நான். கோடைகாலம் முழுக்க மனசுக்குள் போட்டு உருட்டி, ஒரு வார்த்தை கூட்டி ஒரு வார்த்தை குறைத்து, குரலை உயர்த்தாமல் சொன்னது. நாள்தான் தப்பாகப் போய்விட்டது.

ரோமெட்டுக்குப் பறப்பதுதான் தொழில். இரண்டு பேரைத் தாங்கும் பெரிய பாராகிளைடர், நாங்கள் அதைக் குடை என்றுதான் சொல்வோம். ஊர் பார்க்க வருகிற விருந்தாளிகளைத் தன் நெஞ்சுக்கு முன்னால் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு, மேலே ரோப் கார் நிலையத்துக்குப் பக்கத்துச் சரிவில் நாலைந்து எட்டு ஓடுவான். அதற்குப் பிறகு கால் தரையில் இருக்காது. கீழே எங்கள் வீட்டை ஒட்டி, பக்கத்து விவசாயி காசியனிடம் வாடகைக்கு எடுத்த புல்வெளியில் நான் நிற்பேன். அண்ணாந்து பார்ப்பது, அதுதான் என் வேலை. காற்றுப்பையைப் பார்த்து, மரத்தைப் பார்த்து, ஆற்றுத் தண்ணீரின் மேல்தோலைப் பார்த்து, தரையில் காற்று எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று வாக்கி டாக்கியில் சொல்வது. காற்றை மட்டும்தான் சொல்லலாம். பற, பறக்காதே, இங்கே இறங்கு, அங்கே இறங்கு என்று கீழே நிற்கிறவர் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. குடையைப் பிடித்திருப்பவன் எவனோ அவன்தான் முடிவு செய்ய வேண்டும். இது எங்கள் ஊர் பறக்கிறவர்களுக்குள் இருக்கிற கட்டுப்பாடு. இருபது வருஷத்துக்கு மேலாக நான் அதை மீறியதில்லை.

இருபது வருஷம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து என்னவாகும்? கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னாள். "இனிமே மேல பார்க்காதீங்க" என்றாள். "என் புருஷன் மேலதானே இருக்கான் டாக்டர்" என்றேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன், மாத்திரை எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்கு வருகிற வழியில், இன் ஆற்றுப் பாலத்தின் நடுவில் எனக்கு அழுகை வந்தது. வலியால் இல்லை. நான் கடைசியாக என் கண்மட்டத்தில் இருக்கிற ஒன்றை நின்று நிதானமாகப் பார்த்தது எப்போது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. அதுதான். அக்கா வெல்ஸில், மலையே இல்லாத சமவெளி ஊரில், ஒரு நீச்சல் குளத்தில் வேலை செய்கிறாள். கூரை போட்ட குளம். அலமாரிச் சாவி கொடுக்கவும், தரை வழுக்காமல் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும், வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் சரியென்றால் சரி, இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று சொன்னாள். அவள் வீட்டு மாடியும் காலியாக இருக்கிறது. குளத்தை நினைத்தாலே எனக்குக் கழுத்து வலி இறங்கிப்போகும். மேலே பார்த்தால் கூரை. கூரையிலிருந்து எவனும் விழ மாட்டான்.

செவ்வாய்க்கிழமையும் காற்று அடித்தது. மறுபடியும் சொன்னேன், இந்த முறை மத்தியானம், அவன் வயிறு நிறைந்திருந்தபோது. "தலைவலி மாத்திரை போட்டியா?" என்று கேட்டான். அன்போடுதான் கேட்டான், அதுதான் கொடுமை. புதன்கிழமை வீட்டுக் கதவுகளெல்லாம் தாமாகவே அடித்துக்கொண்டன. காசியனின் பசுக்கள் கொட்டகையில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. நான் ஒரே காபிக் கோப்பையை மூன்று முறை கழுவினேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கொல்லையில் குடைக் கயிறுகளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவன் முன்னால் போய் நின்றேன்.

"என்னைக் கட்டிக்கிறியான்னு நீ கேட்டதும் தெக்குக் காத்து அடிச்ச அன்னைக்குத்தான். அப்ப அதுவும் கணக்குல வராதா?"

ரோமெட் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தான். புருவத்தைச் சுருக்கி, அந்த நாளை ஒவ்வொரு மணியாக நினைத்துப் பார்த்தான்.

"அன்னைக்கு மதியத்துக்கு மேல காத்து நின்னுடுச்சே" என்றான்.

இப்படிப்பட்டவனிடம் என்ன பேசுவது? சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. சிரித்தால் போச்சு, அவன் ஜெயித்த மாதிரி. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன், காற்று அதைத் திறந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிவாக்கில் எல்லாம் திடீரென்று அடங்கியது. காற்றுப்பை கம்பத்தோடு சுருண்டு தொங்கியது. வானம் கழுவி வைத்ததுபோல் நீலமாக இருந்தது, மலைகள் கையை நீட்டினால் தொடலாம் என்பதுபோலக் கிட்டத்தில் நின்றன. ஆனால் தெற்கே மலைமுகட்டின் மேல் மீன்கள் அசையாமல் நின்றன. நீளமாக, வழுவழுப்பாக, மீன் வடிவத்தில் நிற்கிற மேகங்களைத்தான் நாங்கள் மீன் என்போம். மீன் நிற்கிறது என்றால் மேலே காற்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, கீழே மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். எப்போது மறுபடி இறங்கும் என்று சொல்ல முடியாது. மற்ற பறக்கிறவர்கள் எல்லாரும் குடையை மூட்டை கட்டிவிட்டு பீர் குடிக்கப் போய்விட்டார்கள். ரோமெட் போகவில்லை. மூன்று நாளாக வீட்டில் அடைந்து கிடந்தவன், கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்து தேய்ந்தவன், அந்த அமைதியைக் கண்டதும் ஷூவை மாட்டிவிட்டான்.

விருந்தாளியும் வந்து சேர்ந்தாள். லைப்சிக்கிலிருந்து வந்த குட்ரூன் அம்மாள். எழுபதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் பரிசாக வாங்கிக் கொடுத்த பறத்தல். மூன்று நாளாக ஹோட்டலில் காத்திருக்கிறாள், மறுநாள் காலையில் ரயில். கூடவே கணவர் எபர்ஹார்ட். அந்த அம்மாள் வண்டியிலிருந்து இறங்கும்போதே பேச ஆரம்பித்தாள். ஹோட்டல் தலையணை, பேரனின் பல், எங்கள் ஊர் மலையேற்றக் கம்புகளின் விலை, தன் இடுப்பு, தான் சின்ன வயசில் ஆற்றுப் பாலத்திலிருந்து குதித்தது, எல்லாம் ஒரே மூச்சில். ரோமெட் அவள் காலணியின் முடிச்சைச் சரிபார்த்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் தெற்கே மீன்களைப் பார்த்தேன். அவனும் பார்த்தான், பார்க்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

"ஒரே ஒரு தடவை. நேரா கீழ. இருபது நிமிஷம்" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கட்டுப்பாடு ஒரு பக்கம் இருக்கட்டும், சொல்லியிருந்தாலும் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் மூன்று நாளாகப் பேசியதையெல்லாம் எதில் போட்டானோ இதையும் அதிலேதான் போட்டிருப்பான். அந்தக் கோபமும் எனக்குள் இருந்தது, இருந்ததை மறைப்பானேன்.

அவர்கள் ரோப் காரில் ஏறிப் போனதும் எபர்ஹார்ட் என்னோடு புல்வெளியில் நின்றார். மனைவியின் கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார். மேலே பார்க்க மாட்டேன் என்றார். தலை சுற்றுமாம். "கீழ நின்னாக்கூட எனக்குச் சுத்தும்மா. அவ ஏணி மேல ஏறினாலே நான் அடுத்த ரூமுக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் புல்லைப் பார்த்தபடி நின்றார்.

வாக்கி டாக்கி கரகரத்தது. "சென்ஸி, கீழ என்ன?"

காற்றுப்பையைப் பார்த்தேன். ஒரு நூல் அசையவில்லை. பொத்தானை அழுத்திய விரல் அப்படியே இருந்தது. வேண்டாம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன்.

"காத்து இல்ல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறப் பாறைக்கு முன்னால் மஞ்சள் குடை தெரிந்தது. அழகாகத்தான் வந்தான், அவன் எப்போதும் அழகாகத்தான் வருவான். வாக்கி டாக்கியில் அவன் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் பின்னால் குட்ரூன் அம்மாளின் குரல் கேட்டது. எபர்ஹார்ட் புல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இன்னும் பேசிட்டிருக்காளா?"

"பேசிட்டுத்தான் இருக்காங்க."

"அப்பச் சரி" என்றார். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவ வாய் மூடி நான் பார்த்ததில்லைம்மா. மூடினா டாக்டரைக் கூப்பிடணும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆற்றோரத்து பாப்லர் மரங்களின் இலையெல்லாம் ஒரே சமயத்தில் வெள்ளைப் பக்கத்தைக் காட்டித் திரும்பின. என் கன்னத்தில் சுடுமூச்சு பட்டது. காற்றுப்பை ஒரு துள்ளு துள்ளி, வடக்கே நீண்டு, விறைத்தது. கம்பம் முனகியது.

"தெற்கு" என்றேன் வாக்கி டாக்கியில். "தெற்கு, வலுவா. இன்னும் ஏறுது. ரொம்ப வலுவா, ரோமெட்."

பதில் வரவில்லை, இரண்டு கையும் கயிற்றில் இருந்திருக்கும். மஞ்சள் குடை எங்கள் தலைக்கு மேல், தெற்கைப் பார்த்தபடி, முன்னே வர முடியாமல் நின்றது. முகம் எங்களைப் பார்க்க, உடம்பு பின்னால் நகர்ந்தது. குடையின் இரண்டு ஓரத்தையும் உள்ளே மடக்கினான், சீக்கிரம் இறங்குவதற்காக. ஒரு பக்கம் பட்டென்று சுருங்கி மறுபடி விரிந்தது. புல்வெளிக்குப் பின்னால் காசியனின் மக்காச்சோளக் கொல்லை, அறுவடைக்கு நின்றது. அதற்குப் பின்னால் சாலை. சாலையோரம் மின்கம்பிகள். அவனோ புல்வெளியைப் பிடிக்கத்தான் முட்டி மோதிக்கொண்டிருந்தான். ஒரு அடி முன்னே, இரண்டடி பின்னே. இருபது வருஷமாக இறங்கிய இடம், அதைத் தவிர வேறு தரை அவன் கண்ணில் படவில்லை. நாலு தரம் தெற்கு, தெற்கு என்று சொன்னேன். காற்றை மட்டும் சொல்கிற வாய். ஐந்தாவது தரம் அந்த வாய் எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது.

"புல்வெளிய விடு! கேக்குதா? மக்காச்சோளத்துல இறங்கு. இப்பவே!"

"காசியன் கொன்னுடுவான்" என்றது வாக்கி டாக்கி. சத்தியமாக அப்படித்தான் சொன்னான், அந்த நேரத்தில்.

"காசியனை நான் பார்த்துக்கறேன், இறங்குடா!"

இறங்கினான். குடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொல்லைக்குள் கால் முதலில் போய், சோளத்தட்டைகள் மடமடவென்று முறிகிற சத்தம் கேட்டது. நான் ஓடினேன். காற்று மஞ்சள் துணியை மறுபடி ஊதி, அவர்களைச் சாலைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. துணியின் மேல் விழுந்து, கட்டிப் பிடித்து, முழங்காலைப் போட்டு அமுக்கினேன். ஐம்பத்து மூன்று வயசில் அப்படி ஓடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். குட்ரூன் அம்மாளின் கன்னத்தில் ஒரு கீறல், ஒரு கால் ஷூ காணோம். ரோமெட் அவளுக்குப் பின்னால் மல்லாந்து கிடந்தான். கொக்கியைக் கழற்றப் பார்த்தான், விரல் வழுக்கிக்கொண்டே போனது. நான்தான் கழற்றினேன். அவன் முகம் சுண்ணாம்பாக இருந்தது, என்னைப் பார்த்தான், முழுசாகப் பார்த்தான்.

எபர்ஹார்ட் கைப்பையோடு சோளத்தட்டைகளை விலக்கிக்கொண்டு வந்தார். குட்ரூன் அம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பையை வாங்கினாள், சீப்பை எடுத்தாள், தலையை வாரத் தொடங்கினாள். வாரினாள், வாரினாள், நிறுத்தவில்லை. வாய் திறக்கவில்லை. எபர்ஹார்ட் அவள் எதிரில் மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்தார். நல்ல கால்சட்டை போட்டிருந்தார்.

"பேசு குட்ரூன்" என்றார். "ஏதாவது பேசு. என்ன வேணா பேசு, தலையணையைப் பத்திப் பேசு. நான் கேக்கறேன்."

சீப்பு நின்றது. அவள் உதடு கோணியது. "என் ஷூவைக் காணோம், எபர்ஹார்ட்" என்றாள். பிறகு ரோமெட் பக்கம் திரும்பி, "நீ நல்லாத்தான் ஓட்டின, தம்பி" என்றாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி மலை மேலே ஏறிவிட்டால் 'நீங்கள்' கிடையாது, எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். அந்த அம்மாள் அதைக் கீழேயும் கொண்டுவந்துவிட்டாள். அப்புறம் பேச்சு திறந்துகொண்டது, எபர்ஹார்ட் மண்டி போட்டபடியே தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நான் மஞ்சள் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். என் கை சுருட்டியது, காது அங்கேயே நின்றது. ஏதாவது பேசு, நான் கேட்கிறேன். இவ்வளவுதானே. இதற்கு ஒரு மனுஷன் கொல்லையில் மண்டி போட வேண்டியிருக்கிறது.

காசியன் வந்து தலையில் அடித்துக்கொண்டான். "புல்லை மிதிச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். இப்பச் சோளத்தையும் மிதிக்கிறீங்க. அடுத்தது என் கூரை மேலயா?" என்று கத்தினான். கத்திவிட்டு அந்த ஷூவைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தவனும் அவன்தான். காற்று அவன் தொப்பியைப் பறித்துக்கொண்டு போனது.

சாயங்காலம் ரோமெட் சாப்பிடவில்லை. தட்டில் உருளைக்கிழங்கு ஆறிப்போய் இருந்தது. ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்தான், அப்போதும் அவன் கை சூடாகவில்லை.

"இனிமே பறக்கலை, சென்ஸி. குடையை வித்துடறேன். வெல்ஸுக்கு நானும் வர்றேன். அந்தக் குளத்துல தரை துடைக்கறேன். நீ மட்டும் அந்த வார்த்தை சொல்லலேன்னா இப்ப நான் அந்தக் கம்பியில தொங்கிட்டிருப்பேன்."

நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை எல்லாம், ஒன்றுவிடாமல், வரிசையாக வந்தது. அப்படியே அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். கண்ணாடி மறுபடி கடகடத்தது.

"ரோமெட், ஜன்னலைப் பாரு" என்றேன்.

பார்த்தான். "நான் நிஜமாத்தான் சொல்றேன்."

"நானும் திங்கக்கிழமை நிஜமாத்தான் சொன்னேன்."

அவன் தலை குனிந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை, அவன் முடிக்குள் இருந்த சோளச் சருகு ஒன்றை எடுத்துவிட்டேன். "காத்து நிக்கட்டும்" என்றேன். "நின்னதும் இதையே சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாம சொல்லு. அப்ப நம்பறேன்."

விடியற்காலையில் காற்று ஓய்ந்து மழை வந்தது. ஜன்னலைத் திறந்தால் குளிர் மூக்கில் ஏறியது. மலையின் பாதிவரைக்கும் புதுப் பனி இறங்கியிருந்தது, மீன்கள் போன இடம் தெரியவில்லை. நான்கு நாளுக்குப் பிறகு ஊரே தூங்கியது. ரோமெட் எட்டு மணிவரை குறட்டை விட்டான். நான் காபி போட்டு வைத்துவிட்டு மேசை முன்னால் உட்கார்ந்தேன். மழை விட்டது. காற்றுப்பை நனைந்து, கம்பத்தோடு ஒட்டி, செத்த கோழிபோலத் தொங்கியது. கல்யாணப் பெண்கூட அப்படிக் காத்திருக்க மாட்டாள். அவன் மாடிப்படியில் இறங்கி வருகிற சத்தம் கேட்டதும் எழுந்து, பிறகு எதற்கு எழுந்தோம் என்று மறுபடி உட்கார்ந்தேன்.

சீட்டியடித்துக்கொண்டு வந்தான். முகத்தில் ரத்தம் ஓடியது. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு, "தூங்கினேன் பாரு ஒரு தூக்கம்!" என்றான். எனக்கு நேராக உட்கார்ந்தான். நான் அவன் வாயையே பார்த்தேன். ரொட்டியை எடுத்தான், வெண்ணெய் எடுத்தான். தடவினான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன் அடித்தது, அவன் எடுத்தான்.

"ஞாயித்துக்கிழமையா? ரெண்டு பேரா? தாராளமா வாங்க. அருமையா இருக்கும், காத்தெல்லாம் போயாச்சு. ஆமா, எங்க வீட்டம்மா கீழ நிப்பாங்க, பயப்படாதீங்க."

போனை வைத்துவிட்டுக் காலண்டரில் எழுதினான். எழுதும்போதுதான் நான் பார்ப்பது அவனுக்குத் தட்டுப்பட்டது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, என் பின்னால் வந்து தோளைப் பிடித்துச் செல்லமாக ஒரு உலுக்கு உலுக்கினான்.

"நேத்து ராத்திரி ஏதேதோ உளறிட்டேன்ல? தரை துடைக்கறேன்னுகூடச் சொன்னேன்." சிரித்தான். "பாழாப்போன தெக்குக் காத்து."

எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். நான்கு நாளாகக் காலுக்கடியில் எறும்பு ஊர்ந்ததுபோல இருந்ததெல்லாம் அந்த நிமிஷம் நின்றுபோனது. நேற்று ராத்திரி அவன் பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். இன்றைக்கும் பொய் சொல்லவில்லை. அவன் கைச் சூட்டைக் கழுத்தில் வாங்கியபடி கொஞ்ச நேரம் இருந்தேன், வலி இருந்த இடத்தில் அது இதமாகத்தான் இருந்தது. பிறகு அவன் கையை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"ரோமெட், நான் வெல்ஸுக்குப் போறேன்" என்றேன். திங்கட்கிழமை சொன்னதில் பின்பாதியை விட்டுவிட்டேன்.

அவன் உடனே ஜன்னலைப் பார்த்தான். கழுத்து தானாகத் திரும்பியது. பையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அவன் கண் அங்கேயே நின்றது, என் பக்கம் வரவில்லை. இன்னொரு சொட்டு விழுந்தது.

"இது இடைவேளைதான்" என்றான். "திரும்ப அடிக்கும்."

"மழை பெஞ்சு முடிஞ்சுடுச்சு ரோமெட். பனி விழுந்திருக்கு, பாரு."

அவன் காபியைக் கீழே வைத்தான். கதவைத் திறந்தான். ஷூ போடவில்லை, காலுறையோடு ஈரப் புல்லில் இறங்கி நடந்தான். கம்பத்தடியில் போய் நின்று தலையை நிமிர்த்தினான். நான் போனை எடுத்து அக்கா கொடுத்த எண்ணை அழுத்தினேன். அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது. ஜன்னல் வழியாக அவன் என் கண்மட்டத்துக்கு நேராகத் தெரிந்தான், நரைத்த பின்தலை, காதில் பென்சில், நனைந்த காலுறை. இத்தனை வருஷத்தில் அவனை இப்படித் தரையில் வைத்துப் பார்த்ததே இல்லை.

அவன் ஒரு விரலை வாயில் வைத்து நனைத்து, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தான். அசையாமல், அண்ணாந்தபடி, எந்தப் பக்கமாவது குளிர்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றான்.